பெயரை விட்டுச் சென்றவர்கள்

எங்கள் கல்லூரி நெட்வொர்க் லேபில் இன்னமும் ஒரு பழைய மேனுவல் புழங்குகிறது. அதில் ஒரு பயிற்சியின் தலைப்பில் 'எதீரியல்' என்ற மென்பொருளின் பெயர் இருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது எழுந்து, "மேம், எதீரியல்னு தேடினா டவுன்லோடு எதுவும் வரல" என்பார்கள். அது இப்போது வயர்ஷார்க், அதை இறக்கிக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளைகள் மேனுவலில் அடித்து எழுதிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒரு மாணவி மட்டும் அடிக்காமல் நின்றாள். "பேரு மாறிடுச்சுன்னா இது அதேதானா மேம்? இல்ல, அது போய்ச் சேர்ந்து இது வேற ஒண்ணா?"

நிரல் அதேதான், எழுதுகிறவர்களும் அவர்களேதான் என்று சொல்லி உட்காரவைத்தேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவள் கேட்டது அதற்கு மேலே இருந்தது. ஒரு பொருளுக்கும் அதன் பெயருக்கும் என்ன உறவு, பெயர் போனால் எது போகிறது, எது மிஞ்சுகிறது என்பது நம் மண்ணில் ஞானிகளும் தர்க்கவாதிகளும் பல நூற்றாண்டுகள் வழக்காடிய விஷயம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் போகிற வருகிற தரவுகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் கருவி எதீரியல். ஜெரால்ட் கோம்ப்ஸ் என்ற அமெரிக்கர் 1998இல் அதை வெளியிட்டார். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து எழுதினார்கள். 2006இல் கோம்ப்ஸ் வேறு வேலைக்கு மாறினார். நிரலின் பெரும்பகுதிக்குப் பதிப்புரிமை அவருடையது. மற்றவர்கள் எழுதிய பகுதியும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் எவரும் எடுத்துச் செல்லலாம். ஆனால் 'எதீரியல்' என்ற டிரேட்மார்க் அவர் கையில் இல்லை. ஆகவே நிரலை எடுத்துக்கொண்டு, பெயரை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வயர்ஷார்க் வளர்ந்தது, எதீரியல் நின்றுபோனது.

நான் கும்பகோணத்துக்காரி. என் அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். மார்கழி விடியலில் பஜனை கோஷ்டியோடு ஜால்ரா தட்டிக்கொண்டு தெருச் சுற்றுவார். திருவிடைமருதூரைத் தாண்டியிருக்கும் கோவிந்தபுரத்துக்கு எங்களை அழைத்துப் போவார். போதேந்திர சரஸ்வதி சுவாமிகளின் அதிஷ்டானம் அங்கேதான் இருக்கிறது. அவரும் திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் காவிரிக்கரையில் ஊன்றிய நாம சித்தாந்தம் சொல்வது இதுதான்: இறைவனும் அவன் பெயரும் வேறில்லை, கலியுகத்தில் கரையேற அந்தப் பெயர் ஒன்றே போதும். "பேரைச் சொன்னா மட்டும் போதுமாப்பா, அவரைத் தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பேருக்குள்ளதாம்மா அவர் இருக்கார்" என்பார் அப்பா. அந்த நம்பிக்கை என் எலும்பில் ஊறியது.

பின்னால் 'மிலிந்தன் கேள்விகள்' என்ற பௌத்த நூலைப் படித்தபோது நேர் எதிரான ஒரு குரல் கேட்டது. கிரேக்க வழிவந்த அரசன் மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் பெயரைக் கேட்கிறான். நாகசேனன் என்று கூப்பிடுகிறார்கள், அது வெறும் வழக்கு, அந்தப் பெயருக்குள் தேடினால் ஆள் ஒருவரும் அகப்படமாட்டார் என்கிறார் துறவி. அரசன் திகைக்கிறான். அவன் ஏறிவந்த தேரையே துறவி உதாரணமாக எடுக்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை. எல்லாம் கூடியிருக்கும்போது தேர் என்கிறோம், அவ்வளவுதான். வைதிகத் தரப்பிலும் இதே பிளவு உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாரும் உண்டாக்காதது, என்றும் உள்ளது என்பார்கள் மீமாம்சகர்கள். இல்லை, அது ஏற்பாட்டினால் வந்தது என்பார்கள் நையாயிகர்கள்.

இந்தப் பழைய வழக்கு இன்று எங்கே உயிரோடு நடக்கிறது என்று கேட்டால், கட்டற்ற மென்பொருளைக் கைகாட்டுவேன். வேறெந்தத் தொழிலிலும் உடலையும் பெயரையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்ததில்லை. நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பெயருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. அப்பாச்சி உரிமம் 2.0 தன் ஆறாம் பிரிவில், டிரேட்மார்க்கைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஓப்பன் சோர்ஸ் வரையறையின் நான்காம் விதி, திருத்தியவர் வேறு பெயரோ வேறு பதிப்பு எண்ணோ வைக்கவேண்டும் என்று கேட்க மூல ஆசிரியருக்கு இடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தவர்கள் இந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்தார்கள்? கஞ்சத்தனத்தால் அல்ல என்பதை உறுதியாக நம்புகிறேன். நிரலை ஆயிரம் பேர் நகலெடுத்தாலும் மூலத்தில் ஒரு எழுத்து குறையாது. பெயரை இரண்டு பேர் எடுத்து இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்தாலே அது பெயராக இருப்பதை நிறுத்திவிடும். கூப்பிட்டால் யார் திரும்புவார் என்று தெரியாமல் போகும்.

அப்படியானால் உண்மையான வாரிசு யார், பெயர் வைத்திருப்பவரா, வேலையைத் தொடர்பவரா? இந்தக் கேள்விக்கு 2011இல் கடுமையான ஒரு சோதனை வந்தது. கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர் சன் நிறுவனத்தில் இருந்தபோது 2004 வாக்கில் ஹட்சன் என்ற மென்பொருளைத் தொடங்கினார். பல பேர் எழுதும் நிரலை அவ்வப்போது சேர்த்துக் கட்டி, சோதித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்லும் ஓயாத உழைப்பாளி அது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அந்த ஆண்டின் கடைசியில், ஹட்சன் என்ற பெயர் தனக்கே உரியது என்று ஆரக்கிள் சொன்னது. நிரல் இருக்கும் இடம், நிர்வாகம், பெயர் எல்லாம் பேச்சுக்கு வந்து, பேச்சு முறிந்தது. 2011 ஜனவரியில் அதில் உழைத்தவர்கள் வாக்கெடுத்தார்கள். பெயரை மாற்றலாம் என்று 214 பேர், வேண்டாம் என்று 14 பேர். அன்றிலிருந்து அது ஜென்கின்ஸ்.

ஆரக்கிள் ஒப்புக்கொள்ளவில்லை. ஹட்சன் தொடரும், பிரிந்து போன கிளைதான் ஜென்கின்ஸ் என்றது. ஜென்கின்ஸ்காரர்களோ, நாங்கள்தான் அடிமரம், பிரிந்தது நீங்கள் என்றார்கள். நாகசேனரைக் கேட்டால் இந்தச் சண்டையை எப்படித் தீர்ப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதே நூலில் அவர் விளக்கை உதாரணமாக எடுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றென்றும் சொல்ல முடியாது, வேறென்றும் சொல்ல முடியாது. ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்தது எழுகிறது, இடையில் அறுபடவில்லை. மென்பொருள் அப்படிப்பட்டதுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரிகளில் பாதி இன்று இருக்காது. எழுதியவர்களில் பலர் போயிருப்பார்கள், புதியவர்கள் வந்திருப்பார்கள். தொடர்வது பொருள் எதுவுமில்லை, எரிவதுதான். ஹட்சனைப் பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். 2017இல் அது முடிவுக்கு வந்தது. ஜென்கின்ஸ் இன்றும் உலகின் பல ஆயிரம் நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒரு பக்கம் இருந்தது, சுடர் இன்னொரு பக்கம் போனது.

இதோடு நிறுத்தினால் நாகசேனர் ஜெயித்தார், அப்பா தோற்றார் என்று ஆகிவிடும். அப்படி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. காரணம் பாசம் மட்டுமில்லை, டொனால்ட் நூத்.

கணினி அறிவியலில் நூத்தை அறியாதவர் இல்லை. 1970களின் இறுதியில், தன் புத்தகத்தின் அச்சுக்கோப்பு மோசமாக வந்ததைப் பார்த்து மனம் நொந்து, தானே ஒரு அச்சுக்கோக்கும் மென்பொருளை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். கணிதச் சூத்திரங்கள் உள்ள ஆய்வுக்கட்டுரையை இன்று உலகில் யார் எழுதினாலும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் அச்சேறுகிறது. நிரலை அவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பெயருக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: தான் எழுதிய கடினமான சோதனைக் கோப்பு ஒன்றை ஓட்டி, விடை துளி பிசகாமல் வந்தால்தான் டெக் என்று அழைக்கலாம். மாற்றி மேம்படுத்த விரும்புகிறவர் தாராளமாகச் செய்யலாம், வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை மதித்து, வேறு வேறு பெயர்களில் மேம்படுத்தியிருக்கிறார்கள்.

அதன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பிழை திருத்தும் ஒவ்வொரு முறையும் பை என்ற எண்ணின் ஓர் இலக்கம் கூடும். 2021இல் வெளிவந்த பதிப்பு 3.141592653. தன் மரணத்துக்குப் பிறகு எண்ணைச் சரியாகப் பை என்று நிறுத்திவிட வேண்டும், அதன்பின் யாரும் அதில் கை வைக்கக்கூடாது, எஞ்சிய பிழைகளெல்லாம் இயல்புகளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்று டெக்கில் எழுதிய பக்கம் நூறு ஆண்டு கழித்தும் வரி பிசகாமல் அதே பக்கமாக வரவேண்டும் என்பதுதான் காரணம். நூத் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். விவிலியத்தின் நூல்களில் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதியவர். அவர் கையில் பெயர் ஒரு விரதமாக மாறிவிட்டது. டெக் என்று சொன்னால் அந்த நடத்தை அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. அப்பா சொன்னதற்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் கணினி உலகில் கண்டதில்லை.

ஆகவே பெயர் வெறும் வழக்கு என்பதில் பாதிதான் உண்மை. வழக்கு என்றாலே நாலு பேர் சேர்ந்து காப்பாற்றுவது. பெயரைச் சொல்லி ஒருவர் நம்பி வருகிறார், வந்தவருக்கு அது கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாக்குறுதிதான் பெயர் என்று நான் நினைக்கிறேன். பதிவு அலுவலகத்துக் காகிதத்தில் அந்த வாக்குறுதி இல்லை, நிரலின் வரிகளிலும் இல்லை. அது மனிதர்களுக்கு இடையில் இருக்கிறது.

வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டால் லினக்ஸ் இயங்குதளமான டெபியனுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லாவுக்கும் 2006இல் வந்த பிணக்கில் இரு பக்கமும் நியாயம் தெரியும். ஃபயர்ஃபாக்ஸை மாற்றினால் எங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பெயரில் வெளியிடாதீர்கள் என்றது மொசில்லா. பழைய பதிப்புகளுக்கும் நாங்களே பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டு நிற்க முடியாது என்றது டெபியன். டெபியன் அதே உலாவிக்கு ஐஸ்வீசல் என்று பெயரிட்டுப் பத்தாண்டு காலம் கொடுத்தது. 2016இல் சமரசமாகி ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் திரும்பியது. கோபத்தில் நிரலை மூடாமல், பயனரைக் கைவிடாமல், பெயரை மட்டும் தள்ளிவைத்துக் காத்திருந்த அந்தப் பத்தாண்டு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் அந்தப் பெயருக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். 2002இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் பிறந்தது. அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததால் 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் ஆனது. ஆனால் ஃபயர்பேர்ட் என்று ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்தது, அதுவும் கட்டற்ற மென்பொருள், சிறிய குழு. பெரிய வீட்டுக்காரர் நம் பெயரை வைத்துக்கொண்டால் நம்மை யார் கூப்பிடுவார்கள் என்று அவர்கள் எழுப்பிய குரல் நியாயமானது. 2004 பிப்ரவரியில் மொசில்லா மறுபடியும் பெயரை மாற்றிக்கொண்டது. சட்டம் என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு கேள்வி. தன்னைவிடச் சிறியவரின் பெயரை எடுக்காமலிருப்பது அறம். பெயருக்கு அலைகிற பெரிய நிறுவனங்கள் இன்றும் இதை மதிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இந்த அறத்தின் இன்னும் கனமான வடிவம் அப்பாச்சி. 1995இல் தொடங்கிய வெப் சர்வருக்கு அந்தப் பழங்குடி மக்களின் பெயரை மரியாதையோடுதான் வைத்தோம் என்று நிறுவனர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். 2023 ஜனவரியில், தொழில்நுட்பத்தில் இருக்கும் பூர்வகுடி அமெரிக்கர்களின் அமைப்பு ஒன்று பெயரை மாற்றும்படி கேட்டது. உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர் அது, அவர்களைக் கேட்டு எடுத்ததில்லை. அப்பாச்சிகான் என்று நடந்துவந்த மாநாட்டின் பெயர் அதே ஆண்டு 'கம்யூனிட்டி ஓவர் கோட்' என்று மாறியது. மென்பொருளின் பெயர் அப்படியே இருக்கிறது. அதுவும் மாற வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை கோடி சர்வர்களில் அந்தச் சொல் எழுதியிருக்கிறது, மாற்ற எத்தனை உழைப்பு வேண்டும் என்பதை சர்வர் பார்க்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் அறிவேன். அப்படியிருந்தும் சொல்கிறேன். வாக்குறுதி இருவருக்கு இடையில் என்றால், யாருடைய பெயரோ அவர்களும் அதில் ஒரு தரப்பு.

பெயரில் இருக்கும் அச்சத்தைப் பற்றியும் ஒன்று. 1995இல் டான் ஃபார்மரும் வீட்ஸே வெனமாவும் நெட்வொர்க்குகளில் ஓட்டைகளைத் தேடும் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். அதன் பெயர் சாத்தான். பெயரைக் கேட்டே பலர் நடுங்கினார்கள். மனம் புண்படுகிறவர்களுக்காக அதனோடு 'ரிபென்ட்', அதாவது மனந்திரும்பு, என்ற சின்ன நிரலும் சேர்ந்து வந்தது. அதை ஓட்டினால் கருவி முழுவதும் சாத்தான் என்ற பெயர் சான்டா என்று மாறிவிடும். சோதிக்கும் வேலையில் ஒரு வரிகூட மாறாது. அந்தக் கருவியின் வழியில் பிறகு செயின்ட் என்ற ஒன்று வந்தது. நெட்செயின்ட் என்று வேறொருவர் எழுதிய கண்காணிப்பு மென்பொருள், அந்தப் பெயரோடு சட்டச் சிக்கல் வரலாம் என்று 2002இல் நாகியோஸ் ஆனது. புனிதர் பட்டத்துக்கு அடம்பிடிக்கப் போவதில்லை என்பதே அந்தப் புதுப் பெயரின் விரிவு. வேலை ஒன்றுதான் என்பதற்காகப் பெயரால் யாரும் புண்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்கிறவரின் மனமும் பெயர் வாழும் இடம்தான். ரிபென்டை எழுதிச் சேர்த்தவர்கள் அதை மதித்தார்கள்.

பெயரை விடுவது பற்றி எனக்குக் கடைசியாக ஒரு தெளிவு கொடுத்தவர் லேரி வால். மொழியியல் படித்தவர். எழுத்து வடிவம் இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து உண்டாக்கி அதில் விவிலியத்தை மொழிபெயர்க்க வேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தவர். உடல்நலக் காரணத்தால் அது நடக்கவில்லை. 1987இல் பெர்ல் என்ற நிரல் மொழியை உருவாக்கினார். அவர் மொழியில், ஒரு தரவை எடுத்து அதற்கு ஒரு வகுப்பின் பெயரைச் சூட்டும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார். பெயர் சூட்டிய கணத்திலிருந்து அந்தத் தரவு வேறு விதமாக நடந்துகொள்ளும். நம் வீடுகளில் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் சடங்கை வகுப்பில் இதோடு சேர்த்துத்தான் விளக்குவேன்.

2000இல் பெர்லின் ஆறாம் பதிப்பு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அடித்தளத்திலிருந்து மாற்றி எழுதிய அந்த மொழி 2015 கிறிஸ்துமஸுக்குத்தான் வெளியானது. அதற்குள் அது பழைய பெர்லின் அடுத்த பதிப்பாக இல்லாமல், அதன் தங்கை மொழியாகிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு பேர். ஐந்தாம் பதிப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்து ஆறு வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்றார்கள். ஆறை எழுதியவர்களைப் பார்த்து, இத்தனை வருஷமாகியும் பழையதை ஓட்டவில்லையே என்றார்கள். ஒருவர் நிழலில் மற்றவர் வாடிய பதினைந்து, இருபது ஆண்டுகள் அவை. 2019இல் புதிய மொழிக்கு ராகு என்று பெயர் வைக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. பலருக்குக் கண்ணீரே வந்தது. வாலின் சம்மதம் வேண்டும் என்று காத்திருந்தார்கள். அக்டோபரில் அவர் சம்மதித்தார். சம்மதித்தபோது, பழந்துருத்தியில் புதுத் திராட்சரசத்தை வார்ப்பது பற்றி இயேசு சொன்ன உவமையைச் சுட்டினார். ஊற்றினால் ரசமும் போகும், துருத்தியும் கிழியும். தான் இட்ட பெயரைத் தன் இரண்டாம் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட ஒரு தகப்பன் ஒப்புக்கொண்டதை, இரண்டு பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்ற அன்பாகவே பார்க்கிறேன். பெர்ல் இன்றும் பெர்லாக இருக்கிறது. ராகு தன் பெயரில் நடக்கிறது.

அப்பாவின் சித்தாந்தத்துக்கு இப்போது திரும்பலாம். பெயரே இறைவன் என்று நாடெங்கும் சொன்ன போதேந்திரர், அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. சந்நியாசம் வாங்கும்போது முந்தைய பெயரைக் களைந்துவிட்டு ஏற்ற பெயர் அது. எந்தப் பெயரை விடலாம், எந்தப் பெயரை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னைக் குறிக்கும் பெயரை உதறலாம், பலர் கூடி நம்பும் பெயரைக் காப்பாற்ற வேண்டும். அப்பர் சுவாமிகளுக்கும் இப்படித்தான். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். சமணத்தில் இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் இறைவன் கொடுத்தது நாவுக்கரசர். சீர்காழியில் ஞானசம்பந்தப் பிள்ளை அப்பரே என்று கூப்பிட்டார். ஊர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸும் தன் பெயரை மென்பொருளுக்கு வைக்கக் கூச்சப்பட்டார். ஃப்ரீக்ஸ் என்று வைத்திருந்தார். 1991இல் பின்லாந்தின் எஃப்.டி.பி. சர்வரில் அதற்கு இடம் கொடுத்த ஆரி லெம்கே, அந்தக் கோப்புறைக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். பெயர் கூப்பிடுகிறவர்களிடமிருந்து வரும்போது அதன் உயிர் வேறுதான்.

ஆனால் பெயரை விடுவதன் விலையை நான் சின்னதாகச் சொல்லிவிடக்கூடாது. அந்த விலையைக் கொடுப்பது பெரும்பாலும் எழுதுகிறவர்கள் இல்லை, பயன்படுத்தும் எளிய மனிதர்கள். சன்னோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்குப் போன அலுவலக மென்பொருள் ஓப்பன் ஆஃபீஸ். 2010 செப்டம்பரில் அதில் உழைத்தவர்கள் பெரும்பாலோர் ஆரக்கிளை விட்டு விலகி டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். பெயரைத் தந்துவிடுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கும்வரை தற்காலிகமாக லிப்ரெ ஆஃபீஸ் என்று வைத்தார்கள். கிடைக்கவில்லை. ஆரக்கிள் 2011இல் பழைய பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. லிப்ரெ ஆஃபீஸ் வளர்ந்தது. ஓப்பன் ஆஃபீஸோ 2014இல் வந்த 4.1 என்ற எண்ணிலேயே நிற்கிறது, அவ்வப்போது சிறு திருத்தங்கள் மட்டும் வருகின்றன. எங்கள் ஊர் டி.டி.பி. கடைகளுக்கு எந்தப் பெயர் தெரியும்? பழையதுதான். காசு கொடுத்து வாங்க முடியாத ஒருவர் இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடும்போது, நாவில் வருகிற பெயர் அவரை நின்றுபோன இடத்துக்குக் கூட்டிப்போகிறது. 2020 அக்டோபரில், பயனர்களை எங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள் என்று லிப்ரெ ஆஃபீஸ்காரர்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதியும் பார்த்தார்கள். நாம சித்தாந்தம் சரி என்பதற்கு இது ஒரு துயரமான சாட்சி. பெயருக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. அதை வெறுமையாக வைத்திருப்பது, நம்பி வருகிறவருக்குச் செய்யும் துரோகம்.

அதனால்தான் என் மாணவர்களிடமும், தமிழில் கட்டற்ற மென்பொருள் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடமும் ஒன்று கேட்கிறேன். எழுத்துப் பிழை திருத்தி, விசைப்பலகை, அகராதி, எழுத்துரு என்று எதைத் தொடங்கினாலும் நிரலுக்கு உரிமம் எழுதி வைக்க நீங்கள் மறப்பதில்லை. பெயருக்கு யாரும் எழுதுவதில்லை. இந்தப் பெயர் யாருக்குரியது, நீங்கள் விலகினால் அது யாரிடம் போகும், எந்த நடத்தை இருக்கும்வரை இந்தப் பெயரில் அழைக்கலாம் என்பதை முதல் வெளியீட்டுக்கு முன்பே ரீட்மீ கோப்பில் எழுதுங்கள். ஒரு ஆள் பெயரிலோ வேலை பார்க்கும் கம்பெனி பெயரிலோ பதிவு செய்யாதீர்கள். டெபியனின் டிரேட்மார்க்கை, டெபியனுக்காகத் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று வைத்திருக்கிறது. டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் பெயரையும் காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கியவர். அவர் 2015 டிசம்பரில் இறந்தார். டெபியன் அதற்குப் பிறகும் அதே பெயரில் வெளிவந்துகொண்டிருக்கிறது.